பாதையோரத்து வெள்ளைக் கற்கள்

அயர்லாந்தின் கொனமாரா மலையிலிருந்து இறங்கும் மழை இன்னும் ஏரியைத் தாண்டவில்லை. கடைசி வெயில் சாய்ந்து விழுவதில், பஞ்சத்தின்போது ஊரே விட்டுப்போன உருளைக்கிழங்குப் பாத்திகள் சரிவெங்கும் விலா எலும்பாகப் புடைத்துத் தெரிகின்றன. சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடப்போகும் வீட்டின் பாதையோரத்தில் கோல்மன் மண்டியிட்டு, கடைசி வெள்ளைக் கல்லைப் பதிக்கிறான். பார்க்க வந்த அக்கா பிலோமினாவின் விரல்கள் கோட்டுப் பொத்தானிலேயே நின்றுவிடுகின்றன.

“எங்கேருந்துடா எடுத்தே?”

“மேட்டுல, அந்தப் பழைய மண்கோட்டை வளையத்துல. சும்மா கெடந்துதுக்கா. பளிச்சுனு இருக்கில்ல?”

“சும்மா கெடக்கல. ஞானஸ்நானம் குடுக்கறதுக்குள்ள செத்த பிள்ளைங்களைக் கோயில் கல்லறையில சேர்க்கமாட்டாங்க. அங்கதான் புதைப்பாங்க, ஆளுக்கொரு வெள்ளைக் கல்லு. உனக்கு முன்னாடி பொறந்தவனுக்கு அப்பா வச்சார். நான்தான் லாந்தர் பிடிச்சேன். அப்புறம் வீட்டுல அதைப் பத்தி யாரும் வாய் திறக்கல.”

கோல்மன் எழுந்திருக்கவில்லை. ஒரு கல்லைப் பெயர்த்து, மண்ணைத் தன் சட்டையில் துடைக்கிறான். தயங்கி அடுத்ததையும் பெயர்க்கிறான்.

“இதுல நம்ம கல்லு எது, அக்கா?”

மழை ஏரியைத் தாண்டி வந்துவிடுகிறது. நனைய நனைய, எல்லாக் கற்களும் ஒன்றுபோலவே பளபளக்கின்றன.