கோட்டுக்கு அந்தப் பக்கம்

குணசீலி டீச்சர் வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் கிழித்த கோடுதான் சமக்குறி. அதன் ஒரு பக்கம் எக்ஸ் என்ற அட்டையோடு வேதவல்லியும், கூட்டல் மூன்றாக ரெஜினாவும் நின்றார்கள். மறுபக்கம் எட்டாக வகுப்புத் தலைவி புஷ்பராணி. கைகளில் வெள்ளைத் திட்டுகள் படர்ந்த நாளிலிருந்து வேதவல்லியைத் தொடுகிறவள் ரெஜினா ஒருத்திதான். இப்போதும் விரல்களைக் கோத்துக்கொண்டுதான் நின்றாள்.

"எக்ஸ் என்னன்னு தெரியணும்னா அதைத் தனியா விடணும். யாரு போகணும்?"

"மூணு போகணும் டீச்சர்!" என்று வகுப்பே கத்தியது.

"கையை விடுடி ரெஜினா. கோட்டைத் தாண்டினதும் கழித்தலா மாறிடணும், தெரியுமில்ல?"

ரெஜினா கையை உருவிக்கொண்டு கோட்டைத் தாண்டினாள். அட்டையைத் திருப்பிப் பிடித்தாள். புஷ்பராணி அவள் தோளில் கைபோட்டுக் காதில் ஏதோ சொல்ல, இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எட்டில் மூன்று போக ஐந்து, விடை வந்துவிட்டது. இனி ரெஜினா திரும்பி வந்துவிடுவாள் என்று வேதவல்லி பக்கத்தில் இடம் விட்டு நின்றாள்.

"அடுத்த கணக்குக்கு யாருடி எக்ஸ்?"

"வேதாவே இருக்கட்டும் டீச்சர்," என்றாள் ரெஜினா. "அவதான் தனியா நல்லா நிக்கிறா."