மூடியைத் திறந்த பிறகு

“பெரியவரே, மூடியைத் திறந்ததும் ஒரே மடக்குல குடிச்சிடணும்னு எத்தனை வாட்டி சொல்றது? ஹைட்ரஜன் கலந்த தண்ணி. விட்டா கேஸ் பறந்துடும்!” என்றாள் நர்ஸ்.

பெரியவர் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, தண்ணீர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டார். “உன் பையனுக்கு ஆடின பல்லு விழுந்துச்சாம்மா?”

“விழுந்துடுச்சு. முதல்ல குடிங்க.”

“மாமியார் கோபம்?”

“அது விழாது. குடிங்க!”

கதிர்வீச்சு சிகிச்சையின் களைப்பை இந்தத் தண்ணீர் குறைக்குமா என்று அந்த மருத்துவமனையில் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. நோயாளி கடைசிச் சொட்டைக் குடிக்கும்வரை நர்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் நொடியில் காலி செய்தார்கள். இவர் மட்டும் அரை மணி நேரம் இழுத்தடித்தார்.

பொறுக்க முடியாமல் அவள் டாக்டரிடம் போய்ச் சொன்னாள்.

“பாவம், தொண்டை புண்ணாகியிருக்கும்” என்று டாக்டர் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். புண் எதுவும் இல்லை.

“விழுங்க வலிக்குதா?”

“இல்லை டாக்டர்.”

“ருசி பிடிக்கலையா?”

“வெறும் தண்ணி மாதிரிதான் இருக்கு. அதுல என்ன ருசி?”

“அப்புறம் ஏங்க? உங்க உடம்புக்குத்தானே இவ்வளவும்? கேஸ் போயிட்டா என்ன பிரயோஜனம்?”

பெரியவர் பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தார்.

“ஒரே மடக்குல குடிச்சா கேஸ் போகாது டாக்டர். ஆனா சிஸ்டர் போயிடுவாங்க.”