ஷாண்டோங் ரத்தம்

வடசீனாவின் ஷாண்டோங் மாகாணத்தில், ஜினான் நகரின் அந்த அடுக்குமாடி வாசலில் செஞ்சிலுவைச் சங்கத்தின் கார் வந்து நின்றதுமே, எதிர்வீட்டுத் தெங் ஓடி வந்துவிட்டாள்.

"குய்ஜென் அக்கா, யாரோ முகம் தெரியாத நோயாளிக்கு ஸ்டெம்செல் தானமாமே? உங்க பையன் உடம்பு என்னத்துக்கு ஆகும்? தடுத்து நிறுத்துங்க."

"ரத்தம் எடுக்கிற மாதிரி கையிலதான் எடுக்கறாங்க. குடுக்கலைன்னா அந்த உயிர் பிழைக்காது, தெங்."

"அதுக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

"பதிவு பண்ணின லட்சக்கணக்கான பேர்ல தேடிட்டாங்க. அந்தத் திசு வகை நம்ம பக்கம் ரொம்ப அபூர்வமாம். எங்க வீட்லதான் பொருந்திச்சு." குய்ஜெனின் குரலில் பெருமை வழிந்தது.

"பின்னே, ஆறடி ஷாண்டோங் ரத்தமாச்சே" என்று தெங்கும் இறங்கி வந்தாள்.

குய்ஜென் சிரித்துக்கொண்டாள்.

லிஃப்ட் திறந்தது. மகன் பெட்டியைக் கொண்டுவந்து காரில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றான். ஏறி உட்கார்ந்தவள் அவன் மனைவி யான்லான், தெற்கே குவாங்ஷியிலிருந்து வந்த மருமகள்.

தெங் காரையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்த வகை தெற்கத்திக்காரங்ககிட்டதான் இருக்குமாம்" என்றாள் குய்ஜென், மருமகளுக்குக் கையசைத்தபடி. "இவளை நான் கூட்டிட்டு வந்தப்போ, உள்ளூர்ல பொண்ணு கிடைக்கலையான்னு கேட்டியே? இப்ப ஆஸ்பத்திரிக்காரங்களுக்கும் கிடைக்கலை, தெங்."