பிள்ளையும் உடன் இருந்தது

"குடும்ப ஆலோசனை. பிள்ளையும் உடன் இருந்தது. பில் போட்டுடும்மா" என்றார் குழந்தை டாக்டர்.

பில் போடும் பெண்ணுக்குக் கை ஓடவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளாகப் பார்க்கிறாள். செவ்வாய்தோறும் உள்ளே போவது எதிரே நிற்கும் இந்தப் புருஷனும் பெண்சாதியும் மட்டும்தான். பிள்ளை உடன் இல்லாமல் அந்தப் பில்லைப் போடக்கூடாது.

"டாக்டர், பிள்ளை வரலையே?"

"கண்ணை எங்கம்மா வச்சிருக்கே? இதோ நிக்கிறான் பாரு."

அவர் கை மேசை உயரத்தில் வெறும் காற்றைத் தடவிக்கொடுத்தது. "போன தடவைக்கு எடை கூடியிருக்கான். இல்லடா?"

ஒரு பிள்ளை பதில் சொல்லி முடிக்கும் நேரம் காத்திருந்தார். பிறகு சிரித்தார்.

அம்மாக்காரி குனிந்து, இல்லாத விரலைப் பிடித்துக்கொண்டாள். "மாமாவுக்கு டாட்டா சொல்லுடா."

அப்பாக்காரர் சத்தமில்லாமல் பணத்தைக் கட்டினார். மூவரும் போவதைப்போலவே டாக்டர் கதவை அகலமாகத் திறந்து பிடித்தார்.

பில் போடும் பெண் எழுந்தாள். நர்ஸிடம் ஓடினாள்.

"அக்கா, யாருக்கா அந்தப் பையன்?"

"போன வருஷம் காய்ச்சல்னு வந்தான். அந்த அறையிலதான், டாக்டர் கையிலயே போயிட்டான்." நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "நீ உன் வேலையைப் பாரு."

எப்படிப் பார்ப்பது? பிள்ளையைப் பறிகொடுத்துப் புத்தி கலங்கியவர்களிடம், செத்தவனைக் காட்டிக் காசு பிடுங்குகிறாரே இந்த மனுஷன். வேலை போனால் போகட்டும் என்று தெருவுக்கு ஓடினாள்.

அம்மாக்காரியின் கை இப்போது யாரையும் பிடித்திருக்கவில்லை. பைக்குள் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இல்லாத பிள்ளைக்கு அவர் பில் போடறார். நீங்க ஏமாறாதீங்க."

"தெரியும்மா" என்றார் அப்பாக்காரர்.

"தெரிஞ்சேவா கட்டறீங்க?"

"கட்டலேன்னா டாக்டருக்குச் சந்தேகம் வந்துடுமே" என்றாள் அம்மாக்காரி. "எங்க பிள்ளையை நாங்க அடக்கம் பண்ணி, அழுது, ஒருவழியா மனசைத் தேத்திக்கிட்டோம். அவருக்குத்தான் முடியலை."

உள்ளே அடுத்த குழந்தை ஊசிக்கு வீறிட்டது. "முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு" என்று டாக்டர் கொஞ்சுவது தெரு வரை கேட்டது.

அப்பாக்காரர் அதைக் கேட்டபடியே சொன்னார்:

"நடுவுல ஒரு செவ்வாய் நாங்க வரலைம்மா. அதுக்கப்புறம் நாங்க வந்து கதவைத் தட்டற வரைக்கும், அவர் ஒரு பிள்ளையைக்கூடத் தொடலை."