வெள்ளைக் கல் மேடை

"எனக்கு வெள்ளைக் கல்லுதான் வேணும்" என்றாள் வசந்தா.

சாதுல்லா சங்கடத்தோடு அவள் கணவன் உலகநாதனைப் பார்த்தார். பூந்தமல்லியில் கல் வியாபாரம் செய்பவர். கள்ளிக்குப்பத்தில் உலகநாதன் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டின் சமையல் மேடைக்காக, அதே ஊரில் அவன் குடியிருந்த வாடகை வீட்டுக்கு இரண்டு மாதிரித் துண்டுகள் கொண்டுவந்திருந்தார். ஒன்று கறுப்புக் கடப்பை. மற்றது வெள்ளைச் சலவைக்கல்.

"சாமி அறைக்குன்னா சரி தாயி. அடுப்படிக்கு இது ஆவாது. புளி பட்டா அரிச்சுடும். மஞ்சள் பட்டா போவாது."

"கேட்டுக்கினியா?" என்றான் உலகநாதன். "இந்த ஊட்டு அடுப்பாண்ட கீறதும் கடப்பைதானே? இத்தினி வருஷத்துல ஒரு கீறல் உண்டா?"

"எனக்கு வேணாம்."

"கலெக்டர் துரை பங்களாவா கட்டறோம்?"

"கூடத்துக்கு ஊஞ்சல் கேட்டேனே, அது வேணாம். அடுப்படி மட்டும் என் இஷ்டம். சாயபு, சீமையில சண்டை வந்தா கப்பல் நின்னுடும், இந்தக் கல்லு கெடைக்காதுன்னீங்களே. இப்பவே எடுத்து வெச்சுடுங்க."

அண்ணி பொன்னம்மாள் மோர் கொண்டுவந்தாள். அண்ணன் போன பிறகும் உலகநாதனை வளர்த்து ஆளாக்கியவள். இன்றைக்கும் அந்த வீட்டில் சமையல் அவள்தான். விரலில் துணி சுற்றியிருந்தது.

"இன்னா அண்ணி, மறுபடியும் சுட்டுக்கினீங்களா?"

"நான் ஒரு அவசரக்குடுக்கைப்பா. பார்க்காம சட்டியைத் தொட்டுட்டேன்."

சங்கதி தெரிந்ததும், புது வீட்டுக்குப் பக்கத்து வீட்டு வேம்புலியம்மாள் ஊர்க் கிணற்றடியில் சத்தமாகவே சொன்னாள். "சமைக்கிறது ஓரகத்தி. மினுக்கறது இவ."

வசந்தா காதில் விழுந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

தை மாதம் குடிபோனார்கள். ஆடி பிறப்பதற்குள் மேடை முழுக்கப் புளிக்கறை. மஞ்சள் வேறு திட்டுத் திட்டாக. வசந்தா தேய்த்துத் தேய்த்து ஓய்ந்தாள்.

உலகநாதனால் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் மாட்டு வண்டியில் கடப்பைக் கல்லோடு சாதுல்லாவை அழைத்து வந்துவிட்டான்.

"பேர்த்துடலாம் சாயபு. ஊரே சிரிக்குது."

வசந்தா அவனைப் புழக்கடைக்குக் கூட்டிப் போனாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா கையைப் பார்த்தீங்களா?"

"கைக்கு இன்னா?"

"பழைய ஊட்டுல துணி சுத்தாம அந்தக் கையை எப்பனா பார்த்திருக்கீங்களா? இங்க வந்தப்புறம் ஒரு நாளாவது சுட்டுக்கினாங்களா?"

உலகநாதன் யோசித்தான். சுட்டுக்கொண்டதாக ஞாபகம் இல்லை.

"அவங்களுக்குக் கண்ணு மங்கிப் போச்சுங்க. கறுப்புக் கல்லு மேல கரி புடிச்ச சட்டி. ரெண்டும் ஒண்ணாத் தெரியும். தடவித் தடவிச் சுட்டுக்குவாங்க. வெள்ளைக் கல்லு மேல சட்டி பளிச்சுன்னு தெரியுது."

"என்னாண்ட ஏன் சொல்லல? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போயிருப்பேனே."

"போலாம்னு கூப்ட்டேன். கண்ணு நல்லாத்தான் கீதுன்னு சாதிக்கிறாங்க. உங்களாண்ட சொன்னா, அடுப்பாண்ட போவாதீங்க அண்ணின்னு உக்கார வெச்சுடுவீங்க. நல்ல மனசோடதான் செய்வீங்க. அதுக்கப்புறம் நம்ம ஊட்டுல ஓசிச் சோறு துன்றதா நெனைச்சு அவங்க உசுரு போயிடும்."

ஊஞ்சல் வேண்டாம் என்று அவள் சொன்னது இப்போது உலகநாதனுக்கு ஞாபகம் வந்தது.

உள்ளே வந்தபோது பொன்னம்மாள் அடுப்பிலிருந்து கரிச்சட்டியை இறக்கி மேடைமேல் வைத்துக்கொண்டிருந்தாள். கை தடுமாறவில்லை. வாசலில் நின்ற வண்டியைப் பற்றி யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறாள்.

"தம்பி, கல்லை மாத்தறேன்னு அவளைத் திட்டாதேப்பா" என்றாள். "சின்னப் பொண்ணு, வெள்ளைன்னா ஆசைப்படறா. நமக்காக எவ்ளோ விட்டுக் குடுத்திருக்கா. கறையை நான் தேய்ச்சுக்கறேன்."

உலகநாதன் வாசல் பக்கம் திரும்பினான்.

"சாயபு, வண்டியைத் திருப்புங்க" என்றான், பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி. "என் பொஞ்சாதிக்கு மினுக்கினாத்தான் புடிக்குமாம்."