சிவக்காத வளை

துறைமுகத்தின் பெண் அதிகாரிகள் எல்லோருக்கும் நிர்வாகம் நிதான வளை மாட்டிவிட்டிருந்தது. கோபம் வந்தால் அது சிவக்கும். சிவந்தால் பதவி உயர்வு தள்ளிப்போகும். ஆண்களுக்கு வளை இல்லை. அவர்கள் கத்தினால் அதற்கு ஆளுமை என்று பெயர்.

தலைமைப் பொறியாளர் பியூலாவின் வளை ஒருநாளும் சிவந்ததில்லை. அந்த நாற்காலி கிடைத்ததே அதனால்தான். ஓய்வுபெறுமுன் தன் இடத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்க இரண்டு பொறியாளர்களை அழைத்திருந்தாள்.

முத்தரசியின் வளை போன மாதம் சிவந்திருந்தது.

"எதுக்கும்மா கத்துனீங்க?"

"கிரேன் வடம் நைஞ்சு கெடந்துச்சு மேடம். கீழ ஆளுங்க நின்னாங்க. பதமாச் சொல்லிப் பாத்தேன், யாரும் காதுல வாங்கல."

பியூலா ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினாள். அவள் வளை பால்போல் வெளுத்திருந்தது.

"நீங்களும் அன்னைக்கு அங்கதானே இருந்தீங்க?"

"ஆமா மேடம், நானும் பாத்தேன். வளை சிவந்துருமேன்னு பேசாம இருந்துட்டேன்." ஜெசிந்தா பணிவாகச் சிரித்தாள். "எல்லாம் உங்களப் பாத்துப் பழகுனதுதான்."

பியூலா ஜன்னல் வழியே கிரேன்களைப் பார்த்தாள். பிறகு உத்தரவில் முத்தரசியின் பெயரை எழுதிக் கையெழுத்திட்டாள்.

அந்தக் கையில் வளை முதல்முறையாகச் சிவந்திருந்தது. முந்தானையை இழுத்து அதை மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை.