பிள்ளையாருக்கு வந்த வண்டு

சதுர்த்திக் காலையில் மொட்டைமாடி எருக்கஞ்செடியிலிருந்து ஒரு பூ விடாமல் பறித்து, பிள்ளையாருக்கு மாலை கட்டிப் போட்டுவிட்டு, சபாஷ் கிடைக்கும் என்று மனைவியின் முன்னால் நின்றேன். சுபிக்‌ஷா மாலையைப் பார்த்தாள். நேரே மொட்டைமாடிக்கு ஏறிப்போய் வெறும் செடியின் முன்னால் நின்றாள்; நானும் பின்னாலேயே போனேன்.

அன்றுதான் எங்கள் வீட்டுக்கு வண்டு வரும் முறை என்பதை நான் மறந்தே போயிருந்தேன். ஊருக்கே மிச்சமிருப்பவை நாற்பது கருவண்டுகள். பூச்செடி வளர்க்கும் வீட்டுக்கு வருடத்தில் ஒருநாள், அரைமணி நேரம் கொண்டுவருவார்கள். அதற்காகவே மூன்று வருடமாக அந்தச் செடியை வளர்த்தாள்; இந்த வருடம்தான் அது முதல்முறையாகப் பூத்தது. பூவில் வண்டு உட்கார்ந்து அவள் கடைசியாகப் பார்த்தது அஞ்சாம் வகுப்பில்.

"கோவமா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல."

இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் இந்த ஒண்ணுமில்லைக்கு நான் நடுங்காத நாளில்லை.

வீடு வீடாக வண்டைக் கொண்டுவரும் ஸ்டெல்லா, பெட்டியோடு மாடியேறி வந்தாள். "பூ எங்க சார்?" என்றாள். நான் கீழே ஓடிப்போய், பிள்ளையாரை மாலையோடு தூக்கிவந்து செடிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"நல்லா சமாளிக்கிறீங்க சார்!" என்று சிரித்தபடி அவள் பெட்டியைத் திறந்தாள்.

வண்டு என் வழுக்கையை ஒரு சுற்றுச் சுற்றியது. பிள்ளையாரின் காதோரம் ரீங்கரித்தது. கடைசியில் மாலையில் உட்கார்ந்து தேன் குடித்தது. சுபிக்‌ஷா வாயைப் பொத்திக்கொண்டாள், கண் கலங்கியிருந்தது.

"இது போதுமாம்மா?" என்றேன்.

"போதாது. எனக்குச் செடியில பாக்கணும். அடுத்த வருஷம் வண்டு வர்ற அன்னைக்கு, பிள்ளையாரையும் கூட்டிக்கிட்டு உங்க அக்கா வீட்டுக்குப் போயிடுங்க."